சிவக்காத கண்

அத்தியாயம் 9

துவைப்பதற்காகப் புருஷனின் வெள்ளைக் கோட்டை உதறியபோது விழுந்த அந்தக் குட்டிப் பாட்டிலைப் பொன்னி யாரிடமும் காட்டவில்லை. முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள். கோட்டை வாளியிலேயே ஊறவிட்டுவிட்டு வேலைக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

தட்சிண்புரியிலிருந்து லோதி ரோடு வரும்வரை அவள் கை அந்த முடிச்சை விட்டு நகரவில்லை.

பஸ்ஸில் ஆளாளுக்கு இருமிக்கொண்டிருந்தார்கள். தீபாவளி முடிந்து டெல்லியைப் புகை மூடியிருந்த நாட்கள். பெண்களுக்கான இலவசப் பிங்க் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்த கண்டக்டரின் கண்கள் பழுத்த மிளகாய்போல இருந்தன. ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்த கிழவி கண்ணைத் துடைத்துத் துடைத்து முந்தானையையே நனைத்துவிட்டாள்.

பாட்டிலின் மேலே என்ன எழுதியிருக்கிறது என்று பொன்னிக்குத் தெரியாது. எல்லாம் இங்கிலீஷ். ஆனால் புருஷன் லட்சுமணன் அதை ஒளித்து வைத்திருந்தான் என்பது தெரியும். கோட்டின் உள்பக்கத் துணியைக் கொஞ்சம் பிரித்து, அதற்குள்ளே வைத்திருந்தான். இப்படி ஒளித்து வைக்கிற பழக்கம் அவனுக்கு எப்போது இருந்தது என்பதும் தெரியும்.

குடித்துக்கொண்டிருந்த காலத்தில்.

லட்சுமணனுக்குச் சாணக்யபுரியில் ஓர் அரசு விருந்தினர் விடுதியில் வேலை. வந்து தங்குகிற பெரிய மனிதர்களின் அறைக்குக் காபி கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். வெள்ளைக் கோட்டு, தட்டு, நுரை தளும்பும் டம்ளர் என்று பார்க்க ராஜா மாதிரி இருப்பான். வேலை முடிந்தால் மட்டும் ஆள் வேறு. அப்படி ஒரு நாள் குடித்துவிட்டு வரும்போது மதில் ஓரமாக இருந்த கீக்கர் என்கிற கருவேல மரத்துப் புதரில் முகம் குப்புற விழுந்தான். அந்த மரத்து முள் ஆணி மாதிரி இருக்கும். வலது கண்ணில் ஆழமாக இறங்கிவிட்டது.

புண் ஆறியது. பார்வை போனது. கருவிழி தேய்த்த கண்ணாடிபோல வெளுத்துக் கிடந்தது. நெடுநாள் காத்திருந்த பிறகு, செத்துப்போன யாரோ ஒரு புண்ணியவானின் கருவிழியை அவனுக்குத் தைத்து வைத்தார்கள். அதற்கு இப்போது மூன்று வயது.

கட்டுப் போட்ட கண்ணின் மேல் கையை வைத்து அன்றைக்கு வார்டிலேயே சத்தியம் செய்தான். "இது எங் கண்ணு இல்ல பொன்னி. குடுத்துட்டுப் போன மனுசனோடது. அது மேல சத்தியமா இனிமே தொட மாட்டன்."

பொன்னி எத்தனையோ சத்தியங்களைப் பார்த்தவள். அதனால் சத்தியத்தை நம்பாமல் டியூப் லைட்டை நம்பினாள்.

சாயங்காலம் அவன் வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூடக் கழற்றக் கூடாது. நேராக டியூப் லைட்டுக்குக் கீழே வந்து நிற்க வேண்டும். "கண்ணைக் காட்டு" என்பாள். கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்ப்பாள். பிறகு "ஊது" என்பாள். இரண்டும் சரியாக இருந்தால்தான் செருப்பைக் கழற்றலாம், டீ கிடைக்கும்.

சந்து முழுக்க இது சிரிப்புக் கதை. "என்ன லட்சுமணா, செக்போஸ்ட் தாண்டியாச்சா? அபராதச் சலான் போட்டாளா?" என்று கேட்பார்கள். அவனும் சிரிப்பான்.

மூன்று வருடத்தில் ஒரே ஒரு தடவைதான் மாட்டினான். போன பொங்கல் சமயத்தில். கண் ரத்தமாகச் சிவந்திருந்தது. "குடிக்கல பொன்னி, வெளிச்சம் குத்துது" என்று கெஞ்சினான். "ராத்திரி ஊத்துனா காலையில வெளிச்சம் குத்தத்தான் செய்யும்" என்று சொல்லிவிட்டு, மகள் சிந்துவை இழுத்துக்கொண்டு திரிலோக்புரியில் இருக்கும் அக்கா அம்பிகா வீட்டுக்குப் போய்விட்டாள். அவன் அங்கேயே வந்து வாசலில் உட்கார்ந்து அழைத்து வந்தான்.

அதற்குப் பிறகு கண் ஒரு நாளும் சிவந்ததில்லை. பளிச்சென்று கழுவிவிட்ட மாதிரி இருக்கும். பொன்னிக்கு உள்ளூரப் பெருமை. கண்டிப்பு இல்லாவிட்டால் இந்த மனுஷன் திருந்தியிருப்பானா?

அந்தப் பெருமையோடுதான் இன்று காலை வரை இருந்தாள்.

லோதி ரோடு குவார்ட்டர்ஸில் அவள் சமைக்கிற வீட்டு விஜயலக்ஷ்மி அம்மா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யாருக்கு இது? உனக்கா?"

"எங்க வூட்டுக்காரரு கோட்டுல இருந்திச்சுமா. என்னா மருந்து இது?"

"மருந்துன்னு சொல்றதுக்கு இல்ல. கண்ணு சிவப்பு தெரியாம இருக்கப் போடறது. ரெண்டு சொட்டு விட்டா செத்த நேரத்துல வெள்ளை வெளேர்னு ஆயிடும். கல்யாண போட்டோவுக்கு நிக்கற பொண்ணுங்க போட்டுக்குவாங்க." அம்மா தன் கண்ணைக் கசக்கிக்கொண்டே சிரித்தார். "நானே ஒண்ணு வாங்கணும் பொன்னி. இந்தப் புகையில ஊர்ல யாருக்குத்தான் கண்ணு சிவக்கல?"

பொன்னி அம்மாவின் கண்களைப் பார்த்தாள். சிவப்பு. பஸ் கண்டக்டருக்குச் சிவப்பு. கிழவிக்குச் சிவப்பு. காலையில் கண்ணாடியில் பார்த்த அவள் கண்ணும் சிவப்புதான்.

லட்சுமணன் கண் மட்டும் நேற்று சாயங்காலம் வெள்ளையாக இருந்தது. முந்தாநாளும் வெள்ளை. டெல்லியே கண்ணெரிந்து கிடக்கிற இந்த நாட்களில், முள் குத்தி, தையல் போட்டு, அடுத்தவர் கருவிழியைத் தைத்துவைத்த அந்தக் கண் மட்டும் சிவக்கவே இல்லை.

இது எப்படி அவளுக்குத் தோன்றாமல் போயிற்று?

கையிலிருந்த கரண்டி நழுவிச் சாம்பாருக்குள் விழுந்தது. அதை எடுக்கக்கூடத் தோன்றவில்லை. அப்படியானால் தினம் குடித்திருக்கிறான். குடித்துவிட்டு, கண்ணை வெளுத்துக்கொண்டு, அவள் முன்னால் வந்து நின்றிருக்கிறான். அவளும் இமையை இழுத்துப் பார்த்துப் பார்த்து டீ போட்டுக் கொடுத்திருக்கிறாள். வாய் வாடையை எப்படி மறைத்தான்? அதற்கும் ஏதாவது பாட்டில் வைத்திருப்பான்.

"பொன்னி, என்ன ஆச்சு? உக்காரு முதல்ல."

"இல்லம்மா. இன்னிக்கு ஆஸ்பத்திரில அவருக்குக் கண்ணு காட்டற நாளு. நான் கெளம்பறன்."

"சாதம் வடிக்கலையே?"

"வந்து கால்ல வுளுந்து மன்னிப்புக் கேக்கறம்மா. இப்ப என்னை வுட்டுடுங்க."

ஆஸ்பத்திரி வராந்தாவில் திருவிழாக் கூட்டம். கண்ணில் பஞ்சு வைத்தவர்கள், பச்சைத் துணி கட்டியவர்கள், பிள்ளைகளைத் தூக்கி வந்தவர்கள். வரிசையின் நடுவில் லட்சுமணன் நின்றிருந்தான். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தான். நடைபாதையில் விற்கிற மலிவுக் கண்ணாடி.

"எதுக்குயா கண்ணாடி?"

அவள் குரலைக் கேட்டதும் தூக்கிவாரிப் போட்டதுபோல் திரும்பினான். "வேலை முடிஞ்சு மெதுவா வருவன்னு சொன்னியே."

"கழட்டு."

"புகை பொன்னி. எரியுது. அதான்."

"கழட்டுன்றன்."

அவன் கழற்றவில்லை. அவளே எட்டிப் பிடுங்கினாள்.

வலது கண் ரத்தக் கட்டி மாதிரி இருந்தது. கருவிழியைச் சுற்றி வளையமாகச் சிவப்பு. நடுவில் கண்ணாடி மாதிரி இருக்க வேண்டிய இடம் பால் கலந்த தண்ணீர்போலக் கலங்கியிருந்தது. வெளிச்சம் பட்டதும் முகத்தையே சுருக்கிக்கொண்டான்.

பாட்டில் அவளிடம் இருக்கிறது. இன்றைக்கு அவனால் போட முடியவில்லை. அதனால் உள்ளதை உள்ளபடி பார்க்கிறாள்.

"ஊது" என்றாள்.

"பொன்னி, ஆளுங்க பாக்கறாங்க."

"பாக்கட்டும். ஊதுயா."

வரிசையில் இருந்தவர்கள் திரும்பினார்கள். ஒரு சர்தார்ஜி தாத்தா, "பஹன்ஜி, இது கண் ஆஸ்பத்திரி. போலீஸ் ஸ்டேஷன் அந்தப் பக்கம்" என்று இந்தியில் சொல்ல, நாலைந்து பேர் சிரித்தார்கள். லட்சுமணன் சிரிக்கவில்லை. குனிந்து அவள் முகத்துக்கு நேராக வாயைத் திறந்து ஊதினான்.

டீ வாடை. பார்லே பிஸ்கட் வாடை. வேறு ஒன்றும் இல்லை.

"இன்னொருவாட்டி."

ஊதினான். அதே டீ. அதே பிஸ்கட்.

பொன்னி முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பாட்டிலை எடுத்து அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள். "அப்ப இது என்னாத்துக்குயா?"

அவன் பதில் சொல்வதற்குள், கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் ஓடி வந்தாள். கையில் அதே மாதிரி இன்னொரு குட்டிப் பாட்டில், மூடி பிரிக்காதது.

"பப்பா! ஜல்தி போடுங்க, அம்மா வர்றதுக்கு முன்னாடி..."

சிந்து அப்புறம்தான் அம்மாவைப் பார்த்தாள். நீட்டிய கை அப்படியே நின்றது.

லாஜ்பத் நகரில் ஒரு பியூட்டி பார்லரில் வேலை பார்க்கிற பெண். மணப்பெண்களுக்கு மேக்கப் போடுகிற இடம். கல்யாண போட்டோவுக்கு நிற்கிற பெண்கள் போட்டுக்கொள்வது என்று விஜயலக்ஷ்மி அம்மா சொன்னது பொன்னியின் காதில் மறுபடி ஒலித்தது.

"நீதானா?" என்றாள் பொன்னி. கட்டின புருஷன் மறைத்தான் என்பதை ஒரு மாதிரி தாங்கிக்கொண்டு நின்றவளுக்கு, பெற்ற பெண்ணும் சேர்ந்து மறைத்தாள் என்பது பொறுக்கவில்லை.

"அரே மா, கேளு ஒரு நிமிஷம்..."

"லக்ஷ்மணன்!" என்று உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள்.

டாக்டர் ப்ரசன்னா கோயம்புத்தூர்க்காரர். வயது குறைவு. தமிழ் ஆட்களைக் கண்டால் முகம் மலர்ந்துவிடும். இன்றைக்கும் அப்படித்தான் "வாங்கண்ணா, எங்க போன தடவை ஆளையே காணோம்?" என்று ஆரம்பித்தார். லட்சுமணன் மோவாயை வைத்ததும் மெஷினுக்குள் பார்த்தார். அதோடு பேச்சு நின்றுவிட்டது.

வெகுநேரம் பார்த்தார். விளக்கைச் சாய்த்துப் பார்த்தார். வலது கண்ணைப் பார்த்த பிறகு இடது கண்ணையும் பார்த்தார். மறுபடி வலது கண்ணுக்கு வந்தார். முகம் மலர்ந்ததற்கான அடையாளமே இப்போது இல்லை.

"எப்பருந்துங்கண்ணா இப்படி?"

"பொங்கல்லருந்து விட்டு விட்டு வருது சார்."

"பொங்கல்லருந்தா! சிவந்தா அன்னிக்கே ஓடி வரணும்னு படிச்சுப் படிச்சு சொன்னேனே. அந்தச் சொட்டு மருந்து போடறீங்கல்ல?"

லட்சுமணன் தலையைக் குனிந்துகொண்டான்.

"போடறாருங்க சார்" என்றாள் பொன்னி. "தெனம் அலமாரிகிட்ட நின்னு போடறத நானே பாத்திருக்கன்."

"அது இல்ல பொன்னி" என்றான் அவன், தரையைப் பார்த்தபடி. "நீ பாத்தது அந்த மருந்து இல்ல. பழைய பாட்டில்ல இதை ஊத்தி வச்சிருந்தன். அதைப் போட்டும் சிவப்பு போகல சார். பாப்பா குடுத்ததைப் போட்டா உடனே வெளுத்துடுது. அப்ப இதுதானே நல்ல மருந்துன்னு நெனச்சிட்டன். பழசைக் கோடையிலயே நிறுத்திட்டன்."



டாக்டர் கையை நீட்டிப் பாட்டிலை வாங்கிப் பார்த்தார். மேசைமேல் வைத்தார். கோபப்படுவார் என்று பொன்னி எதிர்பார்த்தாள். அவர் நாற்காலியை இழுத்து அவளுக்கு நேராகப் போட்டு உட்கார்ந்தார்.

"அக்கா, வீட்டுல கேஸ் கசிஞ்சா வாடை வருமில்லைங்க? அண்ணன் கசிவை அடைக்காம, வாடை தெரியக் கூடாதுன்னு ஊதுபத்தி கொளுத்தி வச்சிருக்காரு."

பொன்னி மேசைமேல் இருந்த பாட்டிலைப் பார்த்தாள்.

"முள்ளு குத்துனப்பவே கருவிழிக்குப் பின்னால இருக்கற திரை கிழிஞ்சுபோச்சு. அப்படிப்பட்ட கண்ணு உள்ளுக்குள்ள எப்பவும் கொஞ்சம் கனன்னுக்கிட்டேதான் இருக்கும். அழற்சின்னு சொல்லுவோம். கண்ணுக்குள்ள காய்ச்சல்னு வச்சுக்கோங்க. தெனமும் சொட்டு மருந்து போட்டா அது அடங்கிக் கெடக்கும். நிறுத்திட்டா ஏறும்."

"ஏறுனா?"

"வச்ச கருவிழிக்கு உள்பக்கம் ரொம்ப மெல்லிசா ஒரு அடுக்கு இருக்குங்க. உள்ள ஊர்ற தண்ணிய வெளிய எறைச்சு எறைச்சு, கருவிழியைக் கண்ணாடி மாதிரி வச்சிருக்கறது அதுதான். இந்தக் காய்ச்சல் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக் கொன்னுக்கிட்டே வரும். வெளிய பார்த்தா ஒண்ணுமே தெரியாது. செத்த அடுக்கு திரும்ப மொளைக்காது. கருவிழி பல வருசம் நிக்கறதும், சீக்கிரம் போயிடறதும் அதை வச்சுத்தான்."

"எவ்ளோ செத்துப்போச்சு சார்?"

"நெறைய."

அந்த ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு அவர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

"அப்ப... வேற கண்ணு வைக்க முடியாதா?"

"வைக்கலாங்க. ஆனா உள்ள இருக்கற நெருப்பை அணைக்காம வச்சா அதுவும் நிக்காது. மொதல்ல வச்சது நிக்கற அளவுக்கு அடுத்தது நிக்கறதும் இல்ல. அதனால இதைக் காப்பாத்தத்தான் பாக்கணும். இப்பவே கண்ணுக்குப் பக்கத்துல ஊசி போடறேன். மணிக்கு ஒருக்கா சொட்டு விடணும். இந்த வாரக் கடைசியில தெரிஞ்சிடும்."

லட்சுமணன் கழுத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். திடீரென்று, "குடுத்த மனுசனுக்கு நான் என்னா சார் பதில் சொல்வன்?" என்றான்.

டாக்டர் அவன் தோளைத் தட்டி ஊசி போடும் அறைக்கு அனுப்பினார்.

பொன்னியும் எழுந்தாள். "அக்கா, நீங்க ஒரு நிமிசம் இருங்க" என்றார்.

கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "அவரைப் பயமுறுத்த வேண்டாம்னுதான் உங்ககிட்ட மட்டும் சொல்றேன். ஆழமாக் காயம்பட்ட கண்ணுல இப்படி அழற்சி இருந்தா, ரொம்ப அபூர்வமா, அடிபடாத கண்ணுலயும் அது கெளம்பலாம். ஆயிரத்துல ஒருத்தருக்குக்கூட வராது. இன்னிக்குப் பார்த்தவரைக்கும் இடது கண்ணு சுத்தமாத்தான் இருக்கு. ஆனா தெனமும் நீங்க பாத்துக்கணும். இடது கண்ணுல வெளிச்சம் குத்துது, மங்கலாத் தெரியுதுன்னா, விடியட்டும்னு இருக்காதீங்க. எந்நேரமானாலும் எமர்ஜென்சிக்கு வந்துடுங்க. அது அவரோட நல்ல கண்ணு."

பொன்னி தலையை ஆட்டினாள். கேட்டதெல்லாம் காதில் விழுந்தது. மனதில் ஏறியது ஒன்றே ஒன்றுதான். வெளிச்சம் குத்துது.

பொங்கல் சமயத்தில் அவன் சொன்ன அதே வார்த்தை.

ஊசி போடும் அறைக்கு வெளியே இருந்த பெஞ்சில் சிந்து முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழுது அழுது மை கன்னம் வரை வந்திருந்தது. பொன்னி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். இருவருக்கும் நடுவில் ஓர் ஆள் உட்காரும் இடைவெளி இருந்தது.

"உனக்கு எப்படிடி மனசு வந்துச்சு?"

"பப்பா அழுதாரு மா." சிந்து மூக்கை உறிஞ்சினாள். "பெரியம்மா வீட்டுலருந்து வந்த அடுத்த வாரம் கண்ணு மறுபடி ரெட் ஆயிடுச்சு. நான் டூட்டி முடிஞ்சு வர்றேன், பஸ் ஸ்டாப்லயே உக்காந்திருக்காரு. வீட்டுக்கு வர பயந்துக்கிட்டு. 'உங்கம்மா நம்ப மாட்டா பாப்பா. இந்தத் தடவை போனா திரும்ப மாட்டா'ன்னு சொல்றாரு. எனக்கு என்ன தெரியும்? பார்லர்ல துல்ஹன், அதான் கல்யாணப் பொண்ணு, அழுது கண்ணு செவந்தா இதான் போடுவோம். என் பேக்ல இருந்துச்சு. போட்டு விட்டேன். வெள்ளையாயிடுச்சு. நீயும் டீ குடுத்த. எல்லாரும் குஷி."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

"சச்சி... நெஜத்தைச் சொல்லட்டுமா?" சிந்து நிமிர்ந்தாள். "நீ ஒரு தடவையாவது வலிக்குதான்னு கேட்டியா மா? மூணு வருஷமா டெய்லி அந்தக் கண்ணைப் பாக்கற. கண்ணைக் காட்டு, ஊது. கண்ணைக் காட்டு, ஊது. ஒரு நாள் கேட்டியா?"

வராந்தாவில் யாரோ ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போனார்கள். பொன்னி அதன் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் அந்தக் கண்ணைப் பார்த்த மாதிரி இந்த உலகத்தில் வேறு யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். டாக்டர்கூட. மழையானாலும் குளிரானாலும், காய்ச்சலோடு படுத்திருந்த நாளிலும், எழுந்து வந்து இமையை இழுத்துப் பார்த்தவள். பார்த்ததெல்லாம் சாராயத்தைத்தான். கண்ணைப் பார்க்கவே இல்லை.

அவள் தேடத் தேட அவன் மறைத்தான். மறைத்ததில் கண் போய்க்கொண்டிருந்தது.

சிந்து மெல்ல நகர்ந்து வந்து அந்த இடைவெளியை மூடினாள். அம்மாவின் தோளில் சாய்ந்தாள். பொன்னி அவளைத் தள்ளவும் இல்லை, அணைக்கவும் இல்லை. கன்னத்தில் வழிந்திருந்த மையை மட்டும் முந்தானையால் அழுத்தித் துடைத்தாள்.

வீடு வந்து சேரும்போது சாயங்காலம் ஆகிவிட்டது. கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து, பஸ் ஏறும்போது ஒரு தடவை, இறங்குவதற்கு முன் ஒரு தடவை, சிந்துதான் அப்பாவின் கண்ணில் மருந்து விட்டாள். குலுக்கிவிட்டுத்தான் விட வேண்டும் என்று டாக்டர் சொன்னதால் பாட்டிலைக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினாள்.

சந்துக்குள் நுழைந்ததும் எதிர்வீட்டு நல்லசிவம் வழக்கம்போல, "என்ன லட்சுமணா, இன்னிக்கு இன்ஸ்பெக்டரம்மா கூடவே வர்றாங்க?" என்றார். யாரும் சிரிக்காததைப் பார்த்து உள்ளே போய்விட்டார்.

வாளியில் கோட்டு இன்னும் ஊறிக்கொண்டிருந்தது.

பொன்னி கதவை இழுத்துச் சாத்தினாள். புகை உள்ளே வராமல் இருக்க இடுக்கில் பழைய புடவையைச் சுருட்டி வைத்தாள். லைட்டைப் போட்டாள். அடுப்பங்கரைக்குப் போகத் திரும்பியவள் அப்படியே நின்றாள்.

யாரும் சொல்லாமலேயே லட்சுமணன் டியூப் லைட்டுக்குக் கீழே போய் நின்றிருந்தான். செருப்பைக் கழற்றாமல், முகத்தை நிமிர்த்தி, பள்ளிக்கூடத்தில் நகம் காட்டுகிற பிள்ளை மாதிரி. பழக்கம்.

"பாத்துக்க" என்றான்.

வலது கண் குங்குமம் அப்பியதுபோல இருந்தது. முதல் தடவையாக மறைக்காமல் காட்டிக்கொண்டு நின்றான்.

மூன்று வருடமாகத் தினமும் வாயில் வந்த அந்த இரண்டு கட்டளைகளும் இன்று பொன்னிக்கு வரவில்லை. பக்கத்தில் போனாள். இமையை இழுக்காமல் கன்னத்தில் கையை வைத்தாள்.

"என்னாயா பண்ணுது?"

லட்சுமணன் அவளை உற்றுப் பார்த்தான். கேள்வி அவனுக்குப் புரியவில்லை போலிருந்தது. இந்த வீட்டில், இந்த விளக்குக்குக் கீழே, இதுவரை யாரும் கேட்காத கேள்வி.

"ஊசி போட்ட பக்கம் மரத்துக் கெடக்குது. வலி தெரியல."

அப்போதுதான் அவன் இடது கண்ணிலிருந்து தண்ணீர் வழிவதைக் கவனித்தாள்.

"இதுல ஏன் தண்ணி வருது?"

"அழுதன் இல்ல. அதான்."

சொல்லிவிட்டு நிறுத்தினான். கட்டிலில் உட்கார்ந்திருந்த மகளைப் பார்த்தான். மறுபடி மனைவியைப் பார்த்தான். வெளிச்சத்துக்கு இடது கண்ணும் தானாகச் சுருங்கியது.

"இல்ல பொன்னி. இனிமே உங்கிட்ட எதையும் மறைக்க மாட்டன். பஸ்ஸுலருந்தே இந்தக் கண்ணுலயும் வெளிச்சம் குத்துது. இப்ப உன் மூஞ்சியச் சுத்திப் புகை மாதிரி இருக்குது." ஒரு மாதிரி லேசாகச் சிரித்தான். பெரிய பாரத்தை இறக்கி வைத்தவன் சிரிப்பது மாதிரி. "வெளிய இருக்கற புகைதான் உள்ள வந்துடுச்சு போல."

பொன்னி திரும்பிப் பார்த்தாள். கதவு சாத்தியிருந்தது. இடுக்கில் புடவை வைத்தபடி இருந்தது. அறைக்குள் துளிப் புகை இல்லை. சுவரில் மாட்டியிருந்த காலண்டரில் தேதிகள் பளிச்சென்று தெரிந்தன.

அவள் கேட்டாள். அவன் உண்மையைச் சொல்லிவிட்டான்.

"சிந்து" என்றாள். அவள் குரல் அவளுக்கே வேறு யாருடையதோ மாதிரி கேட்டது. "மெயின் ரோட்டுக்கு ஓடிப் போயி ஆட்டோ புடி."

"ஏன் மா? என்ன ஆச்சு?"

"கேக்காத. ஜல்தி!"

லட்சுமணன் ஒன்றும் புரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். பொன்னி அவன் கையைப் பிடித்தாள். நல்ல வேளை, அவன் இன்னும் செருப்பைக் கழற்றியிருக்கவில்லை.